நைட்ரோ பந்தய பக்கி: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது 1/8 அளவு நைட்ரோ பக்கியைப் பற்றி, அதாவது நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் பந்தயக் காரைப் பற்றி. 3.5 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, மூன்று டிபரன்ஷல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி), மூன்று கிலோவுக்கு மேல் எடை, கையில் ரிமோட். இந்த வகுப்புக்கு 1986 முதல் உலகச் சம்பியன்ஷிப் நடக்கிறது. அங்கே ஓடும் வண்டியும் உவர்மலையில் ஒருவர் வீட்டு விறாந்தையில் நிற்கும் வண்டியும் ஏறத்தாழ ஒரே இயந்திரம்தான். எவ்வளவு காலம் ஓடும் என்பதைப் பராமரிப்பு தீர்மானிக்கிறது. நம் ஊரில் எஞ்சினைக் கொல்பவை இரண்டு: மணல், எரிபொருளைக் குறைத்து ஓட்டும் ஆசை. பின்வரும் பதில்கள் திரும்பத் திரும்ப இந்த இரண்டிடமே வந்து நிற்கும்.

மின்சார பக்கி இவ்வளவு பரவிவிட்ட காலத்தில் நைட்ரோ எதற்கு?

வேகமும் வசதியும் மட்டும் வேண்டுமானால் மின்சார வண்டியையே வாங்குங்கள். பராமரிப்பு குறைவு, சத்தமும் இல்லை. நைட்ரோவின் சிறப்பு நீண்ட ஓட்டம். 125 மில்லிலீற்றர் தாங்கி எட்டு, ஒன்பது நிமிடம் தாங்கும். நிறுத்தி ஊற்றினால் மறுபடி ஓடும். உலகப் போட்டியின் இறுதி ஓட்டம் ஒரு மணி நேரம். ஓட்டுபவர் ஒருவர், எரிபொருள் ஊற்றுபவர் ஒருவர் என்று இருவர் சேர்ந்து விளையாடும் விளையாட்டு இது. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே அதன் உடல்நிலையைச் சொல்லப் பழகுவதில் ஒரு நிறைவு இருக்கிறது. அந்த நிறைவு வேண்டாதவருக்கு நைட்ரோவைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பெற்றோல் ஊற்றலாமா? பழைய டூ-ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிக்குக் கலப்பதுபோல 2ரி எண்ணெய் கலந்தால்?

கூடாது. பெற்றோல் எஞ்சினில் பொறி அடித்து எரிப்பு நடக்கிறது. இங்கே பொறியே கிடையாது. பிளக்கின் நடுவில் பிளாட்டினம் கலந்த மெல்லிய சுருள்கம்பி இருக்கிறது. இக்னைட்டர் என்ற சிறிய பற்றரிக் கருவி 1.2 முதல் 1.5 வோல்ட் வரை கொடுத்து அதைச் சிவக்க வைக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இக்னைட்டரைக் கழற்றிவிடலாம். மெதனோல் ஆவி பிளாட்டினத்தின்மேல் படும்போது நடக்கும் வினையும், முந்தைய எரிப்பில் மிஞ்சிய சூடும் சேர்ந்து கம்பியைச் சிவப்பாகவே வைத்திருக்கும். பெற்றோலில் இந்தக் காரியம் நடக்காது. போதாததற்கு, எரிபொருள் செல்லும் சிலிக்கோன் குழாய் பெற்றோலில் ஊறி வீங்கிவிடும்.

இதே காரணத்தால்தான் இக்னைட்டரை எடுத்தாலும் எஞ்சின் அணைவதில்லை. அணைப்பதற்கு எரிபொருள் குழாயை விரலால் நெரியுங்கள், அல்லது சைலன்சரின் வாயைத் தடித்த துணியால் அடையுங்கள்.

எந்த எரிபொருள் வாங்குவது? எப்படி வைத்திருப்பது?

மெதனோல், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்து விற்பதை வாங்குங்கள். நைட்ரோமீத்தேன் 20 முதல் 30 சதவீதம், எண்ணெய் 8 முதல் 12 சதவீதம், மீதி மெதனோல். பழகும் காலத்தில் 20 அல்லது 25 சதவீத நைட்ரோ போதும். எண்ணெய் அதிகமுள்ள கலவையைத் தேடுங்கள். அந்த எண்ணெயில் ஒரு பகுதி நம் விளக்கெண்ணெய்தான். கடும் சூட்டிலும் அது உலோகத்தை விட்டு விலகாது. எரிந்தால் பழுப்பு நிறப் படிவாகப் பிஸ்டனில் ஒட்டும். அதனால் செயற்கை எண்ணெயையும் சேர்க்கிறார்கள்.

வீட்டில் கலக்க முயல வேண்டாம். நைட்ரோமீத்தேன் விளையாட்டுப் பொருள் அல்ல. எரியும் திரவம் என்பதால் விமானத் தபாலிலும் வராது. கொழும்பிலிருந்து எடுத்துவர நேர்ந்தால் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற்றாதீர்கள். சொந்த வாகனத்தில், மூடி இறுகிய கலனை நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள்.

மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மார்கழி மழையில் மூடி சரியாகப் பூட்டாத போத்தல் சில நாட்களிலேயே கெட்டுவிடும். அதை ஊற்றினால் எஞ்சின் ஒருபோதும் ஒரே சீராக ஓடாது. பாதி காலியான பெரிய கலனில் காற்று அதிகம், ஆகவே ஈரமும் அதிகம். மிச்சத்தைச் சிறிய கலனுக்கு மாற்றி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

ஆம், பயப்பட வேண்டும். மெதனோலைச் சிறிதளவு குடித்தாலும் கண்பார்வை போகலாம், உயிரும் போகலாம். தோல் வழியாகவும் உடலில் சேரும், கையுறை போடுங்கள். எரிபொருளுக்கு நிறம் சேர்த்திருப்பதால் சர்பத் போலத் தெரியும். குடிநீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள். பூட்டுள்ள அலுமாரியில் வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள்.

மெதனோல் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எரிபொருள் ஊற்றும் இடத்தில் சிகரெட்டுக்கு இடமில்லை. பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருக்கட்டும்.

புது எஞ்சினை எப்படிப் பழக்குவது?

முதலில் உள்ளே இருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பிஸ்டன் அலுமினியம், அது ஏறி இறங்கும் உறை, குரோமியம் பூசிய பித்தளை. உறையின் மேற்பகுதி மயிரிழை அளவு ஒடுங்கியிருக்கும். அதனால் குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடிக்கும். சூடேறும்போது பித்தளை உறை பிஸ்டனைவிட அதிகம் விரிந்து அளவான இடைவெளி கொடுக்கும். குளிரக் குளிர எஞ்சினைச் சுற்றினால் அந்த ஒடுக்கமான இடம்தான் தேயும். அது தேய்ந்தால் அமுக்கம் போய்விடும். எஞ்சின் அத்தோடு முடிந்தது.

ஆகவே தொடங்கும் முன் தலைமுடி உலர்த்தும் கருவியால் எஞ்சினின் தலையைக் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாக்குங்கள். நம் ஊர் வெயிலில் வண்டி கொதிக்கிறதே, இது தேவையா என்று கேட்பார்கள். வெயில் 35 பாகை என்றால் எஞ்சினுக்கு வேண்டியது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எனவே தேவை.

பிறகு எரிபொருளை மிகுதியாக விட்டு, எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியின் மேலேயே, சக்கரம் தரையில் படாமல் இரண்டு மூன்று நிமிடம் ஓட விடுங்கள். அணைத்ததும் எஞ்சின் அச்சிலுள்ள பிளைவீல் சக்கரத்தைத் திருப்பிப் பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து முழுதாக ஆற விடுங்கள். பிஸ்டன் மேலே நின்றபடி ஆறினால் உறை அதன்மேல் சுருங்கி இறுகும். பிளைவீலில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். சூடாக்கு, ஓட்டு, ஆறவை என்று இதையே சில தடவை செய்த பின் தரையில் இறக்கி, விசையை (ரிமோட்டின் த்ரொட்டிலை) விட்டு விட்டு மெதுவாக ஓட்டுங்கள். சைலன்சரிலிருந்து நீலப்புகை தாராளமாக வர வேண்டும்; தலைச்சூடு 90 முதல் 100 பாகை செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். ஒவ்வொரு தாங்கிக்கும் காபரேற்றரில் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் ஊசியைச் சிறிது சிறிதாக மூடி வாருங்கள். ஒரே மாலையில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

காபரேற்றர் ஊசிகளை எப்படிச் சரிசெய்வது?

எரிபொருள் மிகுதியாகப் போவதை ரிச் என்றும் குறைவாகப் போவதை லீன் என்றும் சொல்கிறோம். வலப்பக்கம் திருப்பினால் ஊசி மூடி லீன் ஆகும். இடப்பக்கம் திருப்பினால் திறந்து ரிச் ஆகும். உயர்வேக ஊசி முழு விசையைக் கவனிக்கும். தாழ்வேக ஊசி நின்ற நிலையிலிருந்து பாதி விசை வரைக்கும். மூன்றாவது திருகு, விசையை விட்ட பிறகு காபரேற்றர் எவ்வளவு திறந்து நிற்க வேண்டும் என்பதற்கு. ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் தொடங்குங்கள்.

கைவைக்கும் முன் ஊசிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று குறித்து வையுங்கள். எஞ்சின் முழுதாகச் சூடேறிய பிறகே திருப்ப வேண்டும். ஒரு தடவைக்குக் கடிகார முள்ளின் ஒரு மணித் தூரம், அதற்குமேல் வேண்டாம். ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு இரண்டு சுற்றாவது ஓட்டிப் பாருங்கள்.

உயர்வேக ஊசியில் தொடங்குங்கள். நேர்ப்பாதையில் முழு விசை கொடுக்கும்போது வண்டி வேகமெடுக்கத் தயங்கி, சத்தம் தொண்டை கட்டியதுபோல் அடைத்து, புகை அடர்ந்தால் ரிச். ஒரு மணித் தூரம் மூடுங்கள். சத்தம் கூராகி, மெல்லிய புகைக்கோடு பின்னால் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் மூடினால் இன்னும் வேகம் வரும் என்று மனம் சொல்லும்; வரும், இரண்டு சுற்றுக்கு. பிறகு புகை மறையும், நேர்ப்பாதையின் முடிவில் எஞ்சின் மூச்சு வாங்கும், பிளக் எரிந்து போகும். பிஸ்டனுக்கு எண்ணெய் எரிபொருளோடு மட்டுமே வருகிறது. எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயையும் சேர்த்தே குறைக்கிறீர்கள்.

தாழ்வேக ஊசிக்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. சூடான எஞ்சின் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும். காபரேற்றருக்கு அருகில் எரிபொருள் குழாயை விரல்களால் நெரித்துப் பிடியுங்கள். இரண்டு மூன்று விநாடி பழையபடியே ஓடி, சத்தம் சற்று ஏறி, பிறகு அணைந்தால் சரி. நெரித்தவுடனே அணைந்தால் லீன். சத்தம் ஏறி ஏறி நீண்ட நேரம் ஓடினால் ரிச். விசையை விட்ட பிறகும் எஞ்சின் இறங்கி வராமல் இரைந்துகொண்டே நின்றாலும் பெரும்பாலும் தாழ்வேக ஊசி லீன்தான். அதை மூன்றாவது திருகால் அமுக்கப் பார்க்காதீர்கள்.

வெப்பநிலை எவ்வளவு இருக்கலாம்?

பழகிய எஞ்சினுக்கு 100 முதல் 120 பாகை செல்சியஸ். தொடாமல் அளக்கும் வெப்பமானியை நேர் மேலிருந்து பிளக்கை நோக்கிப் பிடியுங்கள். பளபளக்கும் அலுமினியத் தகடுகளை நோக்கிப் பிடித்தால் உண்மையைவிடக் குறைந்த எண்ணே காட்டும். கருவி இல்லாவிட்டால் தலைமேல் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். மூன்று நான்கு விநாடியில் காய்ந்தால் நல்லது. பட்டவுடன் துள்ளிச் சிதறினால் உடனே அணைத்துவிடுங்கள்.

ஆனாலும் வெப்பமானி காட்டும் எண்ணைப் பார்த்து ஊசியைத் திருப்பாதீர்கள். சத்தமும் புகையும் சொல்வதைச் சரிபார்க்கவே வெப்பமானி.

காலையில் நன்றாக ஓடிய வண்டி மாலையில் வேறு மாதிரி ஓடுகிறதே?

காற்று மாறிவிட்டது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே கொள்ளளவில் ஒட்சிசன் அதிகம், ஆகவே ஊசியைத் தொடாமலே கலவை லீன் ஆகிறது. கச்சான் காற்று அனல் அடிக்கும் ஆடி மாத நண்பகலில் காற்று இலேசாகி, கலவை ரிச் ஆகும். நண்பகலில் மூடிய ஊசியோடு பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டுவது இங்கே அடிக்கடி நடக்கும் ஆபத்து. வெயில் தாழ்ந்ததும் உயர்வேக ஊசியை ஒரு மணித் தூரம் திறந்துவிட்டுத் தொடங்குங்கள். மாரியில் நீராவி ஒட்சிசனின் இடத்தைப் பிடிப்பதால் எஞ்சின் சற்று ரிச்சாக உணரும். அது பிடிக்காவிட்டாலும் பிஸ்டனுக்குக் கெடுதல் இல்லை.

நுவரெலியாவுக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த ஊர் 1868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் நம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே ஊசியை நன்றாக மூட வேண்டியிருக்கும். திரும்பி வந்ததும், எஞ்சினைத் தொடும் முன், பழைய இடத்துக்குத் திறந்துவிடுங்கள். மலையில் சரியாக இருந்த அளவு இங்கே பிஸ்டனை அரைத்துவிடும்.

காற்று வடிகட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது?

நாள் கணக்கு வேண்டாம். மைதானத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் சுத்தமான வடிகட்டி. கச்சான் காலத்தில் கிரவல் தூசு முகம் வரை எழும்போது, இரண்டு மூன்று தாங்கிக்கு ஒன்று மாற்றுங்கள். நான்கைந்து வடிகட்டிகளை எண்ணெய் போட்டு, வாய் கட்டிய பொலித்தீன் பைகளில் தயாராகக் கொண்டுபோவது நல்ல பழக்கம். எஞ்சின் வாங்கும் பணத்தில் இது மிகச் சிறு துளி.

எண்ணெய் போடாத நுரைப்பஞ்சு தூசைத் தடுக்காது. பெரிய மணலை மட்டும் நிறுத்தி, மாவு போன்ற செம்மண்ணை உள்ளே விட்டுவிடும். அந்த மாவுதான் உறையை அரைக்கும் தேய்ப்புத்தாள். முதலில் பஞ்சை மண்ணெண்ணெயில் அலசுங்கள், பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் நன்றாக உலர்த்துங்கள். உலர்ந்ததை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வடிகட்டி எண்ணெயை ஊற்றி, பைக்கு வெளியே இருந்து பிசையுங்கள். எண்ணெயின் நிறம் பஞ்சு முழுவதும் ஒரே சீராகப் பரவ வேண்டும். எங்காவது வெளிறிய திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் எண்ணெய் ஏறவில்லை. மிஞ்சியதைப் பிழிந்து எடுங்கள். சொட்டச் சொட்டப் போட்டால் எஞ்சின் மூச்சுவிடாது.

வடிகட்டி காபரேற்றரில் பொருந்தும் கழுத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி, கேபிள் டை போட்டு இறுக்குங்கள். கழற்றிய பிறகு அந்தக் கழுத்தின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் தூசு உள்ளே போகிறது. வழியைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை ஓட்டாதீர்கள்.

நிலாவெளிக் கடற்கரையில் ஓட்டலாமா?

வேண்டாம். கடல்மணல் வடிகட்டியையும் பேரிங்குகளையும் ஒருசேரத் தின்னும். உப்பு ஈரம் கிராங்கைத் துருப்பிடிக்க வைக்கும். அங்கே குழந்தைகளும் படுத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று கிலோ வண்டி மணிக்கு 60 கிலோமீற்றரில் வந்து மோதினால் கால் எலும்பு முறியும்.

கிரவல் மைதானத்துக்கு டிபரன்ஷலிலும் ஷொக்கிலும் என்ன எண்ணெய்?

டிபரன்ஷலுக்கு சிலிக்கோன் எண்ணெய் (எண் கூடினால் எண்ணெய் தடிப்பு), முன்னே 5000, நடுவே 5000 அல்லது 7000, பின்னே 3000 என்று தொடங்குங்கள். காய்ந்து இறுகிய தரைமேல் தளர்ந்த தூசு படிந்திருப்பதுதான் நம் மைதானங்களின் இயல்பு. விசை கொடுத்ததும் வால் சுழன்றால் நடு டிபரன்ஷலின் எண்ணெயை மெல்லியதாக்குங்கள்; மிகுதி வலு முன்சக்கரங்களுக்கு நழுவி, வண்டி அடங்கும். விசையை விட்டுத் திரும்பும்போது முகம் திரும்ப மறுத்தால் முன் டிபரன்ஷலில் மெல்லியது. தம்பலகாமத்தில் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயலைப்போல மேடுபள்ளமான தரையில் எல்லாவற்றையும் ஒரு படி மெல்லியதாக்குவது நல்லது.

ஷொக்குக்குக் கையேட்டில் 400 என்றிருந்தால் நம் வெயிலுக்கு 450 அல்லது 500 போடுங்கள். சூட்டில் எண்ணெய் இளகும். நிரப்பியதும் குமிழிகள் எல்லாம் மேலே வரும்வரை பொறுத்திருந்து மூடுங்கள். பிறகு இடது வலது ஷொக்குகளின் தண்டுகளை நேருக்கு நேர் வைத்து ஒன்றையொன்று அழுத்துங்கள். ஒன்று முந்தி உள்ளே போனால் இரண்டும் சமமாக இல்லை. திறந்து மறுபடி செய்யுங்கள்.

உயரம், சக்கரச் சாய்வு?

தரைக்கும் அடித்தட்டுக்கும் இடைவெளி முன்னே 27, பின்னே 29 மில்லிமீற்றர் அளவில் தொடங்கலாம். சக்கரங்களின் மேல்விளிம்பு ஒரு பாகை முதல் இரண்டு பாகை வரை உள்நோக்கிச் சாயட்டும். பின்சக்கரங்கள் முன்விளிம்பில் மூன்று பாகை உள்நோக்கி இருந்தால் வால் அடங்கி ஓடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றியவருக்கு எது வேலை செய்தது என்று தெரியப்போவதில்லை.

எதையும் மாற்றும் முன் ரயரைப் பாருங்கள். வண்டி வழுக்குகிறது என்று சொல்பவர்களில் பலருடைய ரயர் மொட்டை அடித்திருக்கும், அல்லது விளிம்பில் பசை விட்டிருக்கும். தளர்ந்த தூசில் உயரமான முள் ரயர், இறுகிய தரையில் குட்டையான, நெருக்கமான முள்.

கிளச்சும் பற்சக்கரமும் அடிக்கடி தேய்கின்றன. ஏன்?

பற்கள் சரியாகப் பொருந்தவில்லை. அப்பியாசக் கொப்பித் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே விட்டு, எஞ்சினை நெருக்கித் திருகுகளை இறுக்குங்கள். தாளைச் சுற்றி எடுத்தால் அது மடிந்து நெளிந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. உலோகத்தில் ஏறும் எல்லாத் திருகுகளுக்கும் பூட்டுப்பசை ஒரு துளி. பிளாஸ்டிக்கில் ஏறுபவற்றுக்கு வேண்டாம்.

கிளச் மணியின் பேரிங்குகளை மைதானத்துக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் கழற்றிப் பார்த்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் போவது அவைதான். பெரும்பாலான வண்டிகளில் 5×10×4 மில்லிமீற்றர் அளவு. அச்சுகளில் இருப்பவை 8×16×5. இரண்டும் பொது அளவுகள் என்பதால் வெளிநாட்டு உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்காமல் பேரிங் கடையில் அளவைச் சொல்லிக் கேளுங்கள். திருகுகளும் அப்படியே.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை.

பிளக்கைக் கழற்றி இக்னைட்டரில் போடுங்கள். கம்பி பளிச்சென்று செம்மஞ்சளாக ஒளிர வேண்டும். இல்லாவிட்டால் புதிய பிளக். டர்போ பிளக்கும் சாதாரண பிளக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாது; தலையைப் பார்த்து வாங்குங்கள்.

பிளக் நல்லதாக இருந்து, பிளைவீல் ஓரிடத்தில் முட்டி நின்றால் எஞ்சினுக்குள் எரிபொருள் நிரம்பிவிட்டது. பலவந்தமாகச் சுற்றாதீர்கள், திரவம் அமுங்காது, கொன்ரொட்தான் (பிஸ்டனையும் எஞ்சின் அச்சையும் இணைக்கும் தண்டு) வளையும். பிளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகப் பிடித்து, முகத்துக்கு எதிர்ப்புறமாகச் சுற்றி வெளியேற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆகி, இக்னைட்டரை எடுத்ததும் அணைந்தால் பெரும்பாலும் பிளக் களைத்துவிட்டது அல்லது தாழ்வேகம் மிகவும் ரிச். எப்படித் திருப்பினாலும் ஊசி நிலைக்கவில்லை, ஒரு நேரம் ரிச், ஒரு நேரம் லீன் என்றால் எங்கோ காற்று கசிகிறது. தாங்கியைக் கழற்றி, ஒரு குழாயை அடைத்து, மற்றதில் ஊதித் தண்ணீரில் அமுக்குங்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் குமிழி வருவது மிகவும் சாதாரணம். சைலன்சரிலிருந்து வரும் அழுத்தம்தான் எரிபொருளைக் காபரேற்றருக்குத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் கசிந்தால் ஊசிக்கு அர்த்தமே இல்லை.

பிளக்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

கம்பி பளபளத்து ஈரமாக, வடிவம் கெடாமல் இருந்தால் பாதுகாப்பான பக்கம் நிற்கிறீர்கள். சாம்பல் பூத்து மங்கியிருந்தால் லீன் பக்கம் போகிறது. கம்பி நெளிந்தோ அறுந்தோ இருந்தால் ஊசியைத் திறக்காமல் அடுத்த பிளக்கைப் போடாதீர்கள். அறுந்த துண்டு உள்ளே விழுந்திருக்கவும் கூடும். தலையைத் திறந்து பாருங்கள்.

ரிமோட் தொடர்பு அறுந்தால் வண்டி என்ன ஆகும்?

பெயில்சேப் அமைக்காவிட்டால் கடைசியாகக் கொடுத்த விசையிலேயே ஓடிப்போகலாம். சிக்னல் இழந்தால் பிரேக் பிடிக்கும்படி அமைத்து, வண்டியைக் கையில் தூக்கி, ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள். இதை ஒவ்வொரு நாளும் முதல் ஓட்டத்துக்கு முன் செய்ய வேண்டும். ரிசீவரின் பற்றரி அடியோடு இறங்கினால் பெயில்சேப்பும் வேலை செய்யாது. அதற்காகக் காபரேற்றர் தண்டில், அதைத் தானாக மூடும் ஒரு ஸ்பிரிங் மாட்டுங்கள். ஏகாம்பரம் மைதானம் போன்று மக்கள் நடமாடும் இடங்களில் இந்த இரண்டும் இல்லாத வண்டியை இறக்குவது குற்றம் என்றே நினைக்கிறேன்.

ஓட்டி முடித்த பிறகு என்ன செய்வது?

தாங்கியை வெளியே ஊற்றி, குழாயில் மிஞ்சியதை எஞ்சின் தானாக அணையும்வரை எரித்துத் தீருங்கள். நைட்ரோமீத்தேன் எரிந்த பின் மிஞ்சுவதில் அமிலத்தன்மை உண்டு. மிச்ச மெதனோல் கடற்காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கிராங்கின் பேரிங்கில் சில நாட்களிலேயே துருப்புள்ளி தோன்றும். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது காபரேற்றர் வழியாகவும் பிளக் துவாரம் வழியாகவும் சில துளி பாதுகாப்பு எண்ணெய் விட்டு, கையால் சுற்றி, பிஸ்டனைக் கீழே நிறுத்துங்கள்.

வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரையோரக் கிணறுகள் பல உவர்நீர். காய்ந்த வண்ணத் தூரிகையால் தூசைத் தட்டி, காற்றால் ஊதி, எண்ணெய்ப் பசையைத் துணியால் துடைத்தால் போதும். துடைக்கும்போதுதான் வெடித்த சஸ்பென்ஷன் கை (ஆம்), கழன்ற திருகு, வளைந்த தண்டு எல்லாம் கண்ணில் படும்.

பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?

எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றிப் பிளைவீலை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். உச்சியில் இறுகிப் பிடித்தால் உறையில் உயிர் இருக்கிறது. எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் எஞ்சினுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போது பிளைவீலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, பிஸ்டன் நகராமல் பிளைவீல் மட்டும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் கொன்ரொட் மாற்றும் காலம் வந்துவிட்டது, மாற்றாவிட்டால் அது அறுந்து எஞ்சின் கூட்டையே உடைக்கும். அதன் பிறகு வடிகட்டியைக் கழற்றி, கழுத்தின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். விற்பவர் சொல்லும் கதை எதுவானாலும், விரலில் செம்மண் ஒட்டினால் அடித்தட்டுக்கும் சஸ்பென்ஷனுக்கும் உரிய விலையை மட்டும் பேசி, புதிய பிஸ்டனும் உறையும் வாங்கும் பணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.